1/16 டி-72: மெட்டல் ட்ராக்கா, ஏர்பிரஷ்ஷா?

வேலந்தாவளத்திலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. ரிமோட்டில் ஓடும் 1/16 அளவு டி-72 டாங்கி ஒன்று வைத்திருக்கிறீர்கள், கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, அதில் மெட்டல் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகப் பட்டை) வாங்குவதா, காற்றில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷும் அதற்கான கம்ப்ரசரும் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எதைச் செய்தாலும் பொம்மை மாதிரியே இருக்கிறது, தங்கச்சி பார்த்துச் சிரிக்கிறாள்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, உண்மையான கேள்வி அதுதான். அதற்கு என் பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் காசு செலவில்லாத இரண்டு வேலைகளைப் பாருங்கள். தங்கச்சி சிரிப்பது நிறத்தைப் பார்த்து இல்லை, அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து.

நான் ராணுவத்தில், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் கவச வண்டி மெக்கானிக்காக 17 வருஷம் இருந்தவன். இப்போது பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னையும் கொஞ்சம் கடலையும். மாதிரி வண்டி செய்ய ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகுதான், இதுவரை நான்கு முடித்திருக்கிறேன். ஆகவே அசல் வண்டியில் தூசு எங்கே படியும், எது தேயும், எது துருப்பிடிக்கும் என்று நான் சொல்வதை நம்பலாம், அடியில் படுத்துப் பார்த்தது. மாதிரி வண்டி விஷயத்தில் சொல்வது அந்த நான்கு வண்டிகளில் பட்ட அனுபவம், அதில் கொஞ்சம் என் ருசியும் கலந்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸில் நான் பூஜ்யம். போர்டு போனால் கழற்றி வேறு மாட்டுவேன், அவ்வளவுதான். அந்தப் பக்கக் கேள்விகளை வேறு யாரிடமாவது கேளுங்கள். இன்னொன்று, இங்கே நான் சொல்லும் எதுவும் ராணுவ ரகசியம் இல்லை, எல்லாம் அச்சில் வந்ததுதான். யாரும் பதற வேண்டாம்.

வேகத்திலிருந்து தொடங்குகிறேன். டி-72 நல்ல சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும். மேடு பள்ளத்தில் 35, 40 போனாலே பெரிது. 60ஐ 16ஆல் வகுத்தால் 3.75. அதாவது உங்கள் வண்டியின் உச்ச வேகம், சந்தைக்கு நடந்து போகிறவரின் வேகத்துக்கும் கீழே இருக்க வேண்டும். தரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டு, போனில் நேரம் பாருங்கள். 10 நொடிக்குள் கடந்தால் அசல் டி-72ஐ விட வேகமாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மேட்டு நில ஓட்டம் என்றால் 14, 15 நொடி ஆக வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முழு ஸ்டிக்கையும் தள்ளி ஓட்டும்போது நம் வண்டி எலி மாதிரி பாய்கிறது, அதுதான் பொம்மைத்தனம். ரிமோட்டின் ஸ்டிக் அடியில் கெட்டி அட்டையில் வளையம் வெட்டி வைத்து, பாதிக்கு மேல் போகாமல் தடுத்துப் பாருங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் விரலை ஒரு நொடி மெதுவாக நகர்த்துங்கள். அசல் வண்டி கிளம்பும்போது முன்பக்கம் லேசாகத் தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும். நம் வண்டியில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் கனம் இல்லை.

கனத்துக்கு வருவோம். டி-72இன் எடை ஏறக்குறைய 41 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 16 மடங்கு குறைகிறது என்பதால் எடை 16ஐ மூன்று முறை பெருக்கிய 4,096 மடங்கு குறைய வேண்டும். கணக்குப் போட்டால் 10 கிலோ வருகிறது. உங்களிடம் இருப்பதைத் தராசில் வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் ட்ராக்கோடு அதில் பாதிகூடத் தேறுவது சந்தேகம். கனம் போதாதபோது ஸ்பிரிங் அழுந்துவதில்லை, சக்கரங்கள் மேடு பள்ளத்துக்கு ஏறி இறங்குவதில்லை, வண்டி மொத்தமாகத் தவளை மாதிரி குதிக்கிறது. கோயம்புத்தூர் போகும்போது ஏதாவது டயர் கடையில் நின்று, வீல் பேலன்சிங் செய்து கழற்றிப் போட்ட ஒட்டு எடைகளைக் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் சரிதான், தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள். எடையை ஹல்லின் (வண்டியின் உடற்பெட்டி) அடித்தட்டில், இரண்டு பக்கமும் சமமாக, முடிந்தவரை தாழ்வாக ஒட்டுங்கள். மேலே பீரங்கியோடு சுழலும் டரட்டுக்குள் வைக்கக் கூடாது, மேல்கனம் வந்து வண்டி ஆடும். டி-72இல் இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருக்கிறது, மோட்டாரும் கியர்பாக்ஸும் பேட்டரியும் ஏற்கெனவே பின்பக்கம் சாய்ந்திருக்கும், ஆகவே ஈயத்தை முன்னால் தள்ளி வையுங்கள். ஒன்றரை கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ. கணக்கில் 10 கிலோ வருகிறது என்று 10 கிலோவுக்கும் ஏற்றினால் கியர்பாக்ஸ் சிமென்ட் தரையில் முதல் திருப்பத்திலேயே பல்லைக் கொட்டிவிடும்.

இதில் எத்தனை ஈயம் போட்டாலும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. அசல் வண்டி ஒரு மீட்டர் மேட்டிலிருந்து விழ 0.45 நொடி ஆகும். நம் மாதிரிக்கு அதே மேடு 6.25 சென்டிமீட்டர், விழ 0.11 நொடிதான், சரியாக நான்கில் ஒரு பங்கு. 16க்கு வர்க்கமூலம் 4, அதனால் வருவது. ஆட்டம், குதிப்பு, தூசு எழும்பி அடங்குவது, ட்ராக் துள்ளுவது எல்லாமே நான்கு மடங்கு அவசரமாக நடக்கும். நேரில் பார்க்கும்போது இதற்கு மருந்து கிடையாது. படம் பிடிப்பதாக இருந்தால் உண்டு: போனில் நொடிக்கு 120 ஃப்ரேம் எடுத்து 30இல் ஓட்டுங்கள். கேமராவைத் தரையோடு தரையாக, டாங்கிக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் அவர் கண் இருக்கும் உயரத்தில், அதாவது 10 சென்டிமீட்டரில் வையுங்கள். அந்தப் படத்துக்கு மட்டும் மேலே சொன்ன வேகக் கட்டுப்பாடு கிடையாது, நான்கு மடங்கு வேகமாக ஓட்டினால்தான் படத்தில் சரியாக வரும். சினிமாக்காரர்கள் மினியேச்சர் கப்பலையும் அணை உடைவதையும் எடுத்தது இந்தக் கணக்கில்தான். தங்கச்சிக்கு முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

சரி, ட்ராக். மெட்டல் ட்ராக்கின் லாபம் கனம்தான், அதுவும் தாழ்வான இடத்தில் வரும் கனம். அது தொங்குகிற தொங்கலும் பிளாஸ்டிக்கில் வராது. ஆனால் அதைத் தனியாக வாங்கினால் வம்பு. என் இரண்டாவது வண்டிக்கு ஆசையாக மெட்டல் ட்ராக் வாங்கி, பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் மேலேயே மாட்டினேன். களத்து மேட்டில் மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் சாயங்காலம் பல்சக்கரத்தில் பல்லுக்குப் பதில் மொட்டைதான் இருந்தது, கியர்பாக்ஸிலும் ஒரு பிளாஸ்டிக் கியர் வழவழவென்று ஆகியிருந்தது. தப்பு என்னுடையது, கடைக்காரரைச் சொல்லி என்ன? ட்ராக், பின்பல்சக்கரம், முன்சக்கரம், எஃகு கியர் போட்ட கியர்பாக்ஸ், இவை நான்கும் ஒரு குடும்பம். ஒன்று மெட்டல் என்றால் நான்கும் மெட்டல். மொத்தத்துக்கும் காசு சேர்கிற வரை பிளாஸ்டிக்கே இருக்கட்டும். வாங்கும்போது வேகம் குறைந்த விகிதமுள்ள கியர்பாக்ஸாகப் பார்த்து வாங்கினால் அட்டை வளையத்தையும் எடுத்துவிடலாம்.

எவ்வளவு தொங்க விட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பழைய டி-55 டாங்கிக்கு மேலே ட்ராக்கைத் தாங்கும் உருளையே கிடையாது, ட்ராக் சக்கரங்களின் முதுகில் படுத்துக் கிடக்கும். ஜெர்மனியின் டைகரும் அப்படித்தான். டி-72க்குப் பக்கத்துக்கு மூன்று தாங்கு உருளை உண்டு, ஆகவே உருளைக்கு உருளை லேசான வளைவு மட்டும்தான் தெரிய வேண்டும். இணையத்தில் டைகர் படத்தைப் பார்த்துவிட்டு டி-72 ட்ராக்கைத் தொள தொளவென்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும். அதுவும் நம் ஊர்க் கரிசல் மண்ணில், மழைக்குப் பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்த மண் பல்சக்கரத்தில் கொழுக்கட்டை மாவு மாதிரி அடைந்து ட்ராக்கை வெளியே தள்ளும். பழக உகந்தது தென்னந்தோப்புச் செம்மண், காய்ந்து உதிரியாக இருக்கும்போது.

இனி உருவம். உங்கள் வண்டியில் டரட் வழவழப்பாக இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. டி-72இன் டரட் வார்ப்பு. மணலில் வார்த்த எஃகு எப்படிச் சொரசொரப்பாக இருக்கும் என்று பார்க்க டாங்கி தேவையில்லை, பழைய மோட்டார் பம்பின் உறையைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. புட்டியைக் கொஞ்சம் தின்னரில் இளக்கி, முடி தேய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும், ஆகவே மெல்லிசாக வைத்து, காயவிட்டு, மறுபடி. தடித்துப் போனால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். ஆனால் ஹல் வார்ப்பு அல்ல, உருட்டிய தகடு, அது வழவழப்பாகவே இருக்கட்டும். தகடும் தகடும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு வேண்டும். எம்-சீலை இடியாப்ப நூலைவிட மெல்லிசாக உருட்டி, மூலையில் பதித்து, பிளேடு நுனியால் நெருக்கமாகக் கோடு கீறுங்கள். கை நடுங்கினால் கவலை வேண்டாம், அசல் வெல்டிங்கும் அப்படித்தான்.

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. நம்மூரில் அஜேயா என்று பெயர் வைத்து ஆவடியில் தயாரானது டி-72எம்1 ரகம். அந்த ரகத்தின் முன்சரிவில் கூடுதலாக ஒரு 16 மில்லிமீட்டர் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கும். 1/16இல் அது கச்சிதமாக ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டினால் முடிந்தது. பின்னாட்களில் வெடிகவசக் கட்டிகள் (குண்டு பட்டால் வெடித்து அதைத் தடுப்பவை) வைத்த வண்டிகளில் இது மறைந்துவிடும், ஆகவே உங்கள் வண்டியில் கட்டிகள் இருந்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக ஒட்டி வந்திருக்கும், மேலும் கீழும் கோடு தெரியும். அதைத் தேய்த்து எடுக்காமல் எத்தனை பெயின்ட் அடித்தாலும் வீண். குழல் உள்வாய் 125 மில்லிமீட்டர், 1/16இல் 7.8. நீளம் 6 மீட்டர், மாதிரியில் முப்பத்தேழரை சென்டிமீட்டர். பித்தளையில் கடைந்து போட ஆசை என்றால் கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம். ஆனால் பித்தளைக் கம்பி கனத்தில் டரட் மோட்டார் திணறும், அலுமினியம் போதும். இழுவைக் கயிற்றுக்கு சைக்கிள் பிரேக் கேபிளின் உள்கம்பி. 1.5 மில்லிமீட்டர் இருக்கும், பெருக்கிப் பார்த்தால் 24 வருகிறது, அளவு பொருந்துகிறது. பின்னால் கட்டும் மரக்கட்டை, வண்டி சேற்றில் புதைந்தால் ட்ராக்குக்குக் குறுக்கே கட்டி ஏறி வருவதற்கானது. அதற்குச் சுண்டுவிரல் பருமனில் கொய்யாக் குச்சி, பட்டையோடு. பிளாஸ்டிக் கட்டையில் பழுப்பு நிறம் அடித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

ஏர்பிரஷ் பற்றிக் கேட்டீர்கள். வசதி இருந்தால் நல்லதுதான், ஆனால் ஒரே பச்சை அடித்த இந்திய வண்டிக்கு அது கட்டாயமில்லை. கார் பெயின்ட் கடையின் ஸ்பிரே டப்பாவில் பிரைமரும் மேட் பச்சையும் போதும். முதல் பூச்சைத் தூரத்திலிருந்து பனி படிகிற மாதிரி தூவுங்கள், நனைய அடித்தால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். பெரிய வண்டியின் நிறத்தை அப்படியே சின்ன வண்டிக்கு அடித்தால் இருட்டாகத் தெரியும், ஒரு படி வெளுத்த பச்சையாக எடுங்கள். இது என் கண்ணுக்குப் பட்டது, மறுக்கிறவர்களும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் அடித்தால் பெயின்ட்டில் பாதி பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், மீதியில் வைக்கோல் தூசு ஒட்டும். ஆனி, ஆடி மழையிலும் வேண்டாம், ஈரக்காற்றில் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனியில் காலை வேளை நல்லது, ஜன்னல் திறந்த அறையில், மூக்கைக் கட்டிக்கொண்டு.

தூசும் சேறும்தான் ஒரு வண்டிக்கு உயிர், ஆனால் மாதிரிக்காரர்கள் அதிகம் தப்பு செய்வதும் அங்கேதான். எல்லா விளிம்பிலும் வெள்ளி நிறத்தைத் தடவி, பெயின்ட் உரிந்த மாதிரி காட்டுவார்கள். ராணுவ வண்டிக்கு வருஷா வருஷம் பெயின்ட் ஏறும், அந்த அளவுக்கு உரிந்து நான் பார்த்ததில்லை. மின்னுவது மூன்றே இடம்: ட்ராக்கின் உள்பக்கத்து வழிகாட்டிக் கொம்பு, பல்சக்கரத்தின் பல், தரையில் உராயும் ட்ராக் முனை. சக்கரங்களுக்கு ரப்பர் உறை இருப்பதால் அவை ஓடும் பாதை பளபளக்காது, தேய்த்த இரும்புச்சட்டி மாதிரி கருத்து மழுங்கியிருக்கும். ட்ராக்கின் நிறம் கருப்பும் இல்லை, வெள்ளியும் இல்லை, எந்த மண்ணில் ஓடியதோ அந்த மண்ணின் நிறம். ஒரு ராத்திரி மழையில் நனைந்தால் விடிவதற்குள் ஆரஞ்சாகத் துருப் பூக்கும், காலையில் நூறு மீட்டர் ஓட்டினால் உரசும் இடத்தில் எல்லாம் போய்விடும். புகைபோக்கி இடது பக்கம் மட்டும்தான், கரியை அங்கேயும் அதன் பின்னாலும் மட்டும் தடவுங்கள். இரண்டு பக்கமும் சமச்சீராகக் கரி அடித்த டி-72ஐப் பார்த்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

டிரைவர் ஏறும் வழியில், அவர் உள்ளே இறங்கும் ஹாட்ச் மூடியைச் சுற்றி, பூட்ஸ் பட்டுப் பட்டுத் தூசு தங்காது, பச்சை கொஞ்சம் வழுவழுப்பாகத் தெரியும். தூசு தங்குவது மூலைகளில், போல்ட்டுகளின் காலடியில், கயிற்றுக்கு அடியில். சேறு சக்கரங்களுக்கு நடுவில் ஹல்லின் பக்கச்சுவரில் அப்பி, கீழே ஈரமாகவும் மேலே காய்ந்தும் இரு நிறமாக இருக்கும். இதற்கெல்லாம் கடையில் பிக்மென்ட் பொடி வாங்க வேண்டாம். வரப்பிலிருந்து கரிசலும் தோப்பிலிருந்து செம்மண்ணும் எடுத்து, வெயிலில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுங்கள். சல்லடையில் சலித்தால் போதாது, அந்த மணல் பொடி 16 மடங்கில் ஜல்லிக்கல் ஆகிவிடும். துணியில் இறங்கும் முகப்பூச்சுப் பவுடர் போன்ற பொடியைத் தூவி, மேட் வார்னிஷைத் தூரத்திலிருந்து தூவி நிறுத்துங்கள். பயமாக இருந்தால் முதலில் போஸ்டர் கலரில் செய்து பாருங்கள், பிடிக்காவிட்டால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். இங்கே எந்தக் கவசப் படையும் இருந்ததில்லை, பிறகு ஏன் உன் டாங்கியில் கொழிஞ்சாம்பாறை மண் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் ஓட்டுவது இந்த மண்ணில்தானே.

பேட்டரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாக ஏறினால் 8.4 காட்டும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டது, 3.3இலேயே நிறுத்துவது நல்லது. பங்குனி வெயிலில் மூடிய காருக்குள் டாங்கியை விட்டுவிட்டு கோயம்புத்தூர் உக்கடத்தில் கடை கடையாகச் சுற்றாதீர்கள். ஓட்டி முடித்ததும் சூட்டோடு சார்ஜ் போடவும் கூடாது. 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் குனிந்து பார்க்கிற உயரத்தில்தான் அந்தக் குழல் வாய் இருக்கிறது.

கடைசியாக, என்ன எண், என்ன சின்னம் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். எந்த ரெஜிமென்டின் அடையாளத்தையும் நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் தேடிப் போட வேண்டாம். மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று, பிறகு உங்கள் பிறந்த நாளின் இலக்கங்கள், போதும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பழைய எக்ஸ்ரே பிலிமில் எழுத்தை வெட்டி, வெள்ளைப் பெயின்ட்டைப் பிரஷ்ஷில் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மேலிருந்து தட்டித் தட்டி எடுங்கள். நாங்கள் தகரத்தில் வெட்டி அப்படித்தான் அடித்தோம். 8க்குள் இரண்டு கண்ணையும் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு பட்டை விட்டு வெட்டுவோம், பெயின்ட் ஏறாமல் அந்த இடைவெளி பச்சையாகவே நிற்கும். அதைப் பிறகு நிரப்பிவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.